இது எத்தனையாவது மாடி?

மனநல சமூகப் பணி படித்துவிட்டு 1993ல் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழகிப் பார்ப்பதற்காகச் சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் என் பெரியம்மாவுக்கு முன்னால் மறதி நோயைச் சோதிக்கும் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தெருவிலேயே கூர்மையான ஆள் என்று பெயர் எடுத்தவர். அவர் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார், எனக்கும் கேள்விகள் மனப்பாடமாகிவிடும் என்பது என் கணக்கு.

"இது எத்தனையாவது மாடி?" என்று கேட்டேன்.

"நமக்கு ஏதுடி மாடி? ஓடு மாத்தவே வழியக் காணோம்."

பூஜ்யம் போட்டேன். 'உலகம்' என்ற சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து சொல்லச் சொன்னேன். "அது தலைகீழாத்தான போயிக்கிட்டு இருக்கு" என்றார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னதும், "ஏழு எதுக்குக் கழியுது? ஒடஞ்ச பெட்டியா?" என்று திருப்பிக் கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. வாழ்நாள் முழுக்கத் தீப்பெட்டியைக் குரோஸ் கணக்கில் எண்ணியவர் அவர். குரோஸுக்கு 144 பெட்டி. குரோஸில் பத்துப் பெட்டி குறைந்தால் எவ்வளவு என்று கேட்டிருந்தால் வாய் மூடுமுன் பதில் வந்திருக்கும்.

ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு ஐங்கோணங்களைக் காட்டி, பார்த்து வரையச் சொன்னேன். பென்சிலைத் துடைப்பக்குச்சி மாதிரிப் பிடித்துக்கொண்டு, "புள்ளி வைக்காம எப்படிப் போடுறது?" என்றார். மார்கழியில் அவர் வாசலில் போடும் கோலத்தை எட்டிப் பார்க்கப் பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வரும்.

கூட்டிப் பார்த்தால் முப்பதுக்கு 13. அந்தத் தாளின் கணக்குப்படி 24க்குக் கீழே போனாலே சந்தேகக் கேஸ். அதே வாரம் சனிக்கிழமை, இருபது பேர் கட்டும் சீட்டை ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லாமல் பெரியம்மா நடத்திக்கொண்டிருந்தார். யார் எந்த மாதம் எடுத்தார், யாருக்கு எவ்வளவு பாக்கி, யார் வீட்டுக்காரர் குடித்துவிட்டார் என்று எல்லாமே வாய்க்கணக்கு.

அன்று ராத்திரி அந்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருந்தால் மட்டுமே வாங்கக்கூடிய மதிப்பெண்களை மட்டும் எண்ணினேன். எழுத்தைத் தலைகீழாகச் சொல்வதற்கோ ஏழு ஏழாகக் கழிப்பதற்கோ 5. எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்வதற்கு 1. ஒரு வாக்கியம் எழுத 1. ஐங்கோணம் வரைய 1. மொத்தம் 8. முப்பதில் எட்டுப் போனால் 22. அதாவது, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி மற்ற எல்லாவற்றையும் பிசகாமல் சொன்னாலும் உட்கார்ந்த இடத்திலேயே தோற்றுவிடுகிறார். 1975ல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மக்ஹ்யூவும் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்த நோயாளிகளுக்காக எழுதிய தாள் அது. மாடிக் கேள்வி அந்த ஆஸ்பத்திரிக்குச் சரி. எங்கள் ஊரில் பெரியம்மா வயதுப் பெண்களோ எழுத்தைப் பார்க்கும் முன்பே குச்சி அடுக்கும் கட்டையைப் பார்த்தவர்கள்.

இந்தச் சிக்கல் எனக்கு முன்பே பலருக்குத் தெரிந்திருந்தது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஹரியானாவில் பல்லப்கர் வட்டாரக் கிராமங்களில் இந்திய-அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று அந்தத் தாளைப் பிரித்து மேய்ந்து, 1995ல் இந்தியில் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தது. நூறிலிருந்து ஏழுக்குப் பதில் இருபதிலிருந்து மூன்று. எழுத்துக்குப் பதில் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்வது. 'கண்ணை மூடுங்கள்' என்று எழுதிக் காட்டுவதற்குப் பதில், 'என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள்' என்று சொல்லிவிட்டுக் கேட்பவரே கண்ணை மூடிக் காட்டுவது. வாக்கியம் எழுதுவதற்குப் பதில் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லச் சொல்வது. படித்தபோது, இதை யாரோ திண்ணையில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

அந்த வட்டாரத்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் மறதி நோய் உள்ளவர்கள் 1.36 சதவீதம் என்று 1998ல் வெளியானது. உலகத்திலேயே மிகக் குறைந்த எண்களில் அது ஒன்று. சென்னையின் ஸ்கார்ஃப் அமைப்பைச் சேர்ந்தவர்கள் திருப்போரூர்ப் பக்கக் கிராமங்களில் எடுத்த கணக்கில் 60 வயதுக்கு மேல் 3.5 சதவீதம் வந்திருந்தது. இந்தியக் கிழவர்களுக்கு மஞ்சளும் கூட்டுக்குடும்பமும் காவல் என்று ஒரு பேச்சு அப்போது கிளம்பியது. எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் 'சின்னப்புள்ள மாதிரி ஆயிட்டாக' என்று சொல்லி உள்ளறையில் படுக்க வைத்திருந்தார்கள். அவர்கள் எந்தக் கணக்கிலும் ஏறியதில்லை.

ஏன் ஏறவில்லை என்பதை வேலூர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அந்த ஆய்வில் நான் இல்லை. படித்ததும் அதில் வேலை பார்த்தவர்களிடம் கேட்டதும்தான். மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் ஏழை நாடுகளில் இருக்க, ஆய்வில் பத்து சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதையே பெயராக வைத்துக்கொண்ட 10/66 குழு, சென்னையிலும் வேலூரைச் சுற்றிய கிராமங்களிலும் ஏறத்தாழ ஆயிரம் ஆயிரம் முதியவர்களைப் பார்த்தது. 2008ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம்-4 வரையறையை வைத்து எண்ணினால் இந்தியக் கிராமத்தில் 0.3 சதவீதம். படிப்பில்லாத முதியவர்களையும் வைத்துச் சரிபார்த்த தங்கள் சொந்த முறையில் எண்ணினால் ஏறத்தாழ பத்து சதவீதம். அதே ஊர், அதே ஆட்கள், அதே நாள் கேட்ட கேள்விகள்.

இந்த வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்டால், மருமகளின் பதிலில் என்பேன். டி.எஸ்.எம்-4ன்படி, மறதியால் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருந்தால்தான் நோய். "மாமியாருக்கு மறதியால ஏதும் கஷ்டம் இருக்கா?" என்று நீங்கள் கேட்கிறீர்கள். "என்ன கஷ்டம்? சோறு போடுறோம், சாப்பிடுறாக. வயசானா அப்படித்தான்" என்று மருமகள் சொல்கிறாள். கேள்வி முடிந்தது, நோய் இல்லை. அந்த அம்மாவிடம் சாவிக்கொத்தை வாங்கி ஐந்து வருடமாகிறது, அடுப்படிக்கு விடுவதில்லை, கடைக்கு அனுப்புவதில்லை. எந்த வேலையும் இல்லாத ஒருவருக்கு எந்த வேலை கெட்டுப்போகும்? அதனால் நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "கடைசியா எப்ப கடைக்குப் போனாக? ஏன் அனுப்புறதை நிறுத்துனீக?" என்று கேட்பேன். "ரெண்டு தடவை காசைக் குடுத்துட்டு சாமான் வாங்காம வந்துட்டாக" என்று அப்போதுதான் வரும்.

0.3க்கும் பத்துக்கும் நடுவில் எது உண்மை என்று கேட்டால், பத்துக்குப் பக்கம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் முழுப் பத்தையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஏனென்றால் எண் ஏறிப்போவதையும் என் கண்ணாலேயே பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பக்கத்தில் ஒரு ஊரில் முகாம் நடந்தது. நடத்தியவர்கள் நல்லவர்கள், பெயர் வேண்டாம். ஷாமியானா, சுக்குக்காப்பி, கல்லூரிப் பிள்ளைகள் இருபது பேர், ஆளுக்கொரு பத்துக் கேள்வித் தாள். ஐந்துக்குக் கீழே வாங்கியவர்களுக்குச் சிவப்பு மையில் சுழி. மத்தியானத்துக்குள் மூன்றில் ஒருவர் கையில் சிவப்புச் சுழி. மறுநாள் பேப்பரில் 'மூன்றில் ஒரு முதியவருக்கு மறதி நோய்' என்று வந்துவிட்டது. சுழி வாங்கியவர்களை நானும் ஒரு டாக்டரும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். உண்மையான கேஸ்கள் இரண்டு கை விரலுக்குள் அடங்கின. மற்றவர்களில் காது கேட்காதவர்கள் உண்டு. கண்ணில் புரை விழுந்தவர்கள் உண்டு. "எதுக்கு எளுதுறீகன்னு தெரியலை, அதான் சொல்லலை" என்று வாயை மூடிக்கொண்டவர்கள் உண்டு. பதில் சொல்லாததையும், பார்வை இல்லாததால் செய்ய முடியாததையும் அந்தப் பிள்ளைகள் பூஜ்யமாகவே போட்டிருந்தார்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை, கணக்கே அப்படி. ஆயிரம் முதியவர்கள் என்று வையுங்கள். அதில் ஐம்பது பேருக்கு நிஜமாகவே நோய். நோய் உள்ளவரில் பத்துக்கு ஒன்பது பேரைப் பிடிக்கிற, நோய் இல்லாதவரில் பத்துக்கு ஒன்பது பேரைச் சரியாக விட்டுவிடுகிற நல்ல சோதனையாகவே இருக்கட்டும். ஐம்பதில் 45 பேர் பிடிபடுவார்கள். மீதி 950 பேரில் பத்துக்கு ஒருவர் தப்பாக மாட்டினால் 95. ஆக 140 பேர் கையில் சிவப்புச் சுழி, அதில் மூன்றில் இரண்டு பங்கு பொய்ச் சுழி. உள்ளது ஐந்து சதவீதம், பேப்பரில் வருவது பதினான்கு. தாள் இன்னும் கொஞ்சம் மட்டமாக இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அதோடு தவறவிட்ட அந்த ஐந்து பேரை யாரும் தேடிப் போவதில்லை. தேறிவிட்டார் என்று அனுப்பிய கூட்டத்திலிருந்தும் கொஞ்சம் பேரைக் கூப்பிட்டுப் பரிசோதிக்காத கணக்கெடுப்பை நான் கையில் எடுப்பதில்லை.

அப்படித் தவறிப்போன ஒருவரை நன்றாக ஞாபகமிருக்கிறது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். முப்பதுக்கு 29. என் உச்சரிப்பைக்கூடத் திருத்தினார். அவர் மனைவி என்னை வாசல் வரைக்கும் வழியனுப்புகிற சாக்கில் வந்து, "தெனமும் எட்டரைக்குக் குளிச்சு ரெடியாகி ஸ்கூலுக்குக் கெளம்பிருறாக. ரிட்டயராகி பதினாலு வருசமாச்சும்மா" என்றார். படித்தவர்களுக்கு அந்தத் தாள் மாடிப்படி மாதிரி, பழக்கத்திலேயே ஏறிவிடுவார்கள். என் பெரியம்மாவுக்குச் சுவராக நின்றதும் அதே தாள்தான்.

கேட்பவர் யார் என்பதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நான் பயிற்சி கொடுத்த பையன் ஒருவன், தமிழ்த் தேதி சொன்னால் மதிப்பெண் தரமாட்டான். இன்னொருத்தி இரக்கத்தில் உதட்டை அசைத்தே பதிலைச் சொல்லிக்கொடுப்பாள். ஒரே தெருவை இருவருக்கும் பிரித்துக் கொடுத்தால் அந்தத் தெருவுக்கு இரண்டு நோய்க்கணக்கு வரும். சிவகாசி தினசரி காலண்டர் அச்சடித்து நாடெல்லாம் அனுப்புகிற ஊர், அதை ஒட்டிய எங்கள் ஊரில் காலண்டர் மாட்டாத வீடு இல்லை. ஆனாலும் ஒரு பாட்டியிடம் தேதி கேட்டபோது, "பேரன் ஊருக்குப் போயிட்டான் தாயி, மூணு நாளாத் தாள் கிழிக்கலை" என்றார். அப்புறம் அவராகவே, "நாளைக்குச் சம்பளம், நாளைக்கழிச்சு அமாவாசை" என்றார். அன்று வெள்ளிக்கிழமை. கிழமை சரி, திதி சரி. பையன் பூஜ்யம் போட்டான். நான் அடித்துவிட்டு ஒன்று போட்டேன். இருவரில் யார் செய்தது சரி? ஊரை ஊரோடு ஒப்பிட வேண்டும் என்றால் பையன் செய்தது சரி. பாட்டிக்கு நோய் உண்டா என்று தெரிய வேண்டும் என்றால் நான் செய்தது.

'சுத்தியலை வைத்து என்ன செய்வோம்?' என்று இன்னொரு கேள்வி உண்டு. பயராபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், நாற்பது வருடம் இருந்த ஒரு பெரியவர், "அதை உள்ளயே கொண்டு வரப்படாதும்மா, பொறி பறக்கும்" என்றார். வேலை பார்த்த இடத்தில் இரும்புக் கருவியைத் தொடக்கூடாது என்ற பாடம் அவருக்கு எலும்பில் ஏறியிருந்தது. 'ஆணி அடிப்போம்' என்று சொல்லாததற்காக அவருக்கு மதிப்பெண் போயிற்று.

ஆனால் என்னை மிகவும் அலைக்கழித்தது ஒரு கதைதான். உலகம் முழுக்கப் பல வினாத்தாள்களில் ஞாபகத்தைச் சோதிக்க ஒரு சின்னக் கதை சொல்வார்கள். மூன்று குழந்தைகள் தனியாக இருக்கிற வீடு தீப்பிடித்துக்கொள்கிறது. தைரியசாலி ஒருவர் பின்பக்க ஜன்னல் வழியாக உள்ளே போய் அவர்களைக் காப்பாற்றுகிறார். சின்னக் காயங்களைத் தவிர எல்லோரும் பத்திரம். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். கதையை உருப்படி உருப்படியாகப் பிரித்து மதிப்பெண். எழுதியவர்களுக்கு இது சாதுவான கதை. அதை எங்கள் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிப் பார்க்க வேண்டும்.

2012 செப்டம்பர் 5 அன்று எங்கள் பக்கத்து முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. ஏறத்தாழ நாற்பது பேர் போனார்கள், அதில் பலர் காப்பாற்றவும் வேடிக்கை பார்க்கவும் ஓடியவர்கள். அதற்கு அடுத்த வருடம் ஒரு அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். முடித்ததும், "எந்த ஆபீஸ்ல?" என்றார். ஆபீஸ் இல்லைம்மா, வீடு என்றேன். "மூணு பேரும் தப்பிச்சிட்டாங்கன்னு யாரு சொன்னது?" என்றார். பிறகு திருப்பிச் சொல்லச் சொன்னபோது அவர் சொன்னது வேறொரு கதை. அதில் ஜன்னல் இல்லை, காப்பாற்ற உள்ளே போன ஆள் திரும்பவில்லை. ஒவ்வொருவரும் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார்கள் என்பது வரைக்கும் சொன்னார். தாளின்படி ஆறுக்கு ஒன்று. நான் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு என்னிடம் வருகிறவர்களுக்குக் கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டிகளின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அதே நீளம், அதே எண்ணிக்கையில் உருப்படிகள். ஆய்வுக்கென்று கேட்கும்போது மட்டும் மாற்ற முடியாது. மாற்றினால் நம் எண்ணை வேறு ஊர் எண்ணோடு வைத்துப் பார்க்க முடியாமல் போய்விடும். இந்த நியாயம் எனக்குப் புரிகிறது, பிடிக்கவில்லை.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 65க்கு மேல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இந்த நோய் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பார்கள். அப்படியானால் வயது சரியாகத் தெரிய வேண்டும். முதியோர் உதவித்தொகைக்காக அட்டையில் வயதைக் கூட்டிப் போட்டவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். நான் அட்டையை ஓரமாக வைத்துவிட்டு, விருதுநகரில் காமராஜர் தோற்ற தேர்தலின்போது நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று கேட்பேன். அது 1967. "மூத்தவன் கைப்புள்ளை" என்றால் ஒரு கணக்கு, "வயசுக்கே வரலை" என்றால் ஒரு கணக்கு. படிப்பும் அப்படித்தான். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்தில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர்கள் 'எழுதப் படிக்கத் தெரியும்' என்ற கட்டத்துக்குள் போய்விடுவார்கள். அந்தக் கட்டத்துக்குத் தேர்ச்சி மதிப்பெண் கூடுதல். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட பாவத்துக்கு அந்த அம்மா தோற்பார்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். படிப்பில்லாமை தேர்வை மட்டும் கெடுக்கவில்லை. சிறுவயதில் படிப்பு கிடைக்காததையும் காது மந்தமாவதையும் இந்த நோயை வரவழைக்கும் காரணங்களாகவே லான்செட் ஆணையம் பட்டியலிட்டிருக்கிறது. எங்கள் ஊர்ப் பெண்களிடம் இரண்டும் உண்டு. தாளில் தோற்றது பள்ளிக்கூடம் போகாததாலா, நிஜமாகவே நோய் இருப்பதாலா என்று பிரிப்பதுதான் இந்தத் தொழிலின் தலைவலி.

இப்போது எல்லோரும் சொல்கிற எண் லாசி-டாட் என்ற நாடு தழுவிய ஆய்வுடையது. 2023ல் வந்தது. 60 வயதுக்கு மேல் 7.4 சதவீதம், நாடு முழுக்க 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களிடமும் நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். 2010ல் அல்சைமர் சங்கத்தின் அறிக்கை 37 லட்சம் என்றது. நோய் இரு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது என்று மேடையில் பேசுகிறார்கள். முதியவர்கள் கூடியிருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் முந்தைய எண் அங்கங்கே நடந்த சின்ன ஆய்வுகளை ஒட்டிப் போட்ட கணக்கு. இது நாடு முழுக்க ஆள் எடுத்து, அவர்களில் ஒரு பகுதியினரை விரிவாகச் சோதித்து, வீட்டாரையும் கேட்டு, அந்தத் தகவலைப் பார்த்து மருத்துவர்கள் சொன்ன முடிவை வைத்து மற்றவர்களுக்கும் கணித்துப் போட்ட கணக்கு. படியே மாறிவிட்ட பிறகு நெல் கூடியதா என்று கேட்டால் என்ன சொல்வது?

எண்ணை விட்டு ஆளைப் பார்த்தால் இன்னொரு குழப்பமும் உண்டு. மகன் வெடி விபத்தில் போன பிறகு எல்லாக் கேள்விக்கும் "தெரியலை" என்று மட்டும் சொன்ன ஒரு தாத்தாவை மறதி நோய் என்று யாரோ எழுதி அனுப்பியிருந்தார்கள். மறதி நோய்க்காரர் பெரும்பாலும் தெரியலை என்று சொல்ல மாட்டார். தப்பாக ஒன்றைத் தைரியமாகச் சொல்வார், இல்லாவிட்டால் பெண்டாட்டி முகத்தைத் திரும்பிப் பார்ப்பார். தாத்தா யார் முகத்தையும் பார்க்கவில்லை. மனச்சோர்வுக்கு மருந்து கொடுத்து நாலு மாதத்தில், என் வண்டியின் பழைய நம்பரைச் சொல்லிக் கிண்டல் செய்தார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது முகாமில் சிவப்புச் சுழி போட்டிருந்தால் முதலில் காதைப் பாருங்கள், கண் புரையைப் பாருங்கள், தைராய்டும் பி12ம் ரத்தத்தில் பாருங்கள், கடைசியாக எப்போது வாய்விட்டுச் சிரித்தார் என்று யோசித்துப் பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள், போகும்போது கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவர் போக வேண்டும்.

நாரணாபுரத்துக்குக் கணக்கெடுக்க வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று. வாரநாளில் வராதீர்கள். மருமகளும் மகளும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள், வீட்டில் பெரியவர் மட்டும் இருப்பார், பாதிக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. சனிக்கிழமை சாயங்காலமும் வேண்டாம், சம்பள நாள், கடைக்குப் போயிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள். துணி துவைத்து முடித்து உட்கார்ந்திருப்பார்கள்.